அன்னத்தின் மூக்கு எங்கே போனது?

முன்குறிப்பு: நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் இதைப் படித்துவிட்டு "இது தெரியாதா உனக்கு?" என்று சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் போனதால்தான் 180 அட்டை வீணானது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் திருமுக்கூடல். எந்த முக்கூடல் என்று உடனே கேட்பார்கள். கரூர்ப் பக்கம் இருப்பது இல்லை. முக்கூடற்பள்ளு பாடப்பட்ட ஊரும் இல்லை, அது திருநெல்வேலிச் சீமை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல். மூன்று ஆறு என்று பெருமையாகச் சொன்னாலும் வருஷத்தில் பல மாதம் நாங்கள் பார்ப்பது மணல்தான். கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கையோடு ஓர் ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததாக அதில் இருக்கிறது. இப்போது எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வாலாஜாபாத் போகிறோம். சரி, இது வேறு கதை. விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரியப்பா நெசவாளர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாடகை வீடு, அதில் ஒரு தறி. கல்லூரி முடிந்ததும் ஊருக்குப் பஸ் பிடிப்பதற்கு முன்னால் பெரும்பாலும் அங்கே போய் உட்காருவேன். பெரியம்மா டீ கொடுப்பார். அதுதான் முக்கியக் காரணம். தறிச் சத்தத்தில் கணக்குப் பாடம் நன்றாக ஏறும் என்பது இரண்டாவது காரணம், யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. பெரியப்பாவின் பெண். முப்பது வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்தவர், முதல் முறையாகத் தன் வீட்டுக்கு ஒரு முகூர்த்தப் புடவை நெய்யப் போகிறார். அதற்கு அவர் எடுத்த டிசைன், எங்கள் ஆயாவின் கல்யாணப் புடவையில் இருந்த அன்னம். அந்தப் புடவை இப்போது இல்லை. மடிப்பில் மடிப்பாகக் கிழிந்து, ஜரிகைக்காகப் போட்டுவிட்டார்கள். முந்தியிலிருந்து முழ அகலத் துண்டு ஒன்று மட்டும் பெட்டியில் இருந்தது. முந்தியின் அகலம் முழுக்க அன்னங்கள் வரிசையாக நடக்கும். எல்லாம் இடது பக்கம் பார்த்தபடி. ஒவ்வொரு அன்னத்தின் மூக்கும் முன்னால் போகிற அன்னத்தின் வாலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ரயில் பெட்டி மாதிரி என்று சின்ன வயதில் சொல்வேனாம்.

பெரியப்பா அதைக் கிராஃப் தாளில் இறக்கினார். தறி பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: கிராஃப் தாளில் குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஜக்கார்டில் ஒரு ஹூக். நெடுக்கே ஒரு வரிசை என்றால் ஓர் அட்டை. கட்டம் நிரம்பியிருந்தால் அட்டையில் ஓட்டை, அந்த ஹூக் எழும்பும், அதோடு கட்டிய பாவு நூலும் எழும்பும். கட்டம் காலி என்றால் ஓட்டை இல்லை, நூல் அப்படியே கிடக்கும். 1804 வாக்கில் பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு செய்த ஏற்பாடு. நம்மாட்கள் அவர் பெயரையே மிஷினுக்கு வைத்துவிட்டார்கள்.

பெரியப்பாவின் தறியில் முந்திக்கு 240 ஹூக். ஓர் அன்னத்துக்கு 60 கட்டம். ஆக 240க்கு நாலு அன்னம். ஆனால் முந்தி அகலத்தில் நாலுக்கும் மேலே அன்னம் வரும். எப்படி? ஒரே ஹூக்கிலிருந்து பல கயிறு கீழே இறங்கும். முதல் ஹூக் எழும்பினால் 1ஆம் நூல், 241ஆம் நூல், 481ஆம் நூல் எல்லாம் ஒன்றாக எழும்பும். ஒரு தடவை சொன்னதைப் பல இடத்தில் செய். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதைக்கப் போவது இதுதான்.

பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை. ஒரு கண்ணில் புரை. பொடிக் கட்டம் நிரப்ப ரொம்பக் கஷ்டப்பட்டார். அட்டை குத்தித் தருகிற கடையிலோ இப்போது கம்ப்யூட்டர் படமாகக் கேட்கிறார்கள், ஒரு புள்ளிக்கு ஒரு ஹூக் கணக்கில். "நான் போட்டுத் தர்றேன் பெரியப்பா" என்றேன். எனக்கு வெக்டர் படம் கொஞ்சம் தெரியும். கல்லூரி விழாவுக்கு போஸ்டர் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டது.

இனி கொஞ்சம் பாடம்.

எஸ்விஜி என்று ஒரு பட வகை இருக்கிறது. டபிள்யூ3சி 2001இல் தரமாக வெளியிட்டது. புள்ளி புள்ளியாகப் படத்தைச் சேமிக்காமல் "இங்கிருந்து இங்கே கோடு போடு, இங்கே வட்டம் போடு" என்று எழுத்தாகச் சேமிக்கும். நோட்பேடில் திறந்து திருத்தலாம், பிரவுசரில் பார்க்கலாம். அதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் சிம்பல், யூஸ் என்கிற இரண்டு. சிம்பல் என்று ஓர் அன்னத்தை ஒரு தடவை வரைந்து பெயர் வைத்துவிட்டால், அது தானாகத் திரையில் வராது. அச்சு மாதிரி உள்ளே கிடக்கும். அப்புறம் எங்கே வேண்டுமோ அங்கே யூஸ் என்று ஒரு வரி. நூறு வரி போட்டால் நூறு அன்னம். மூலத்தில் சிறகைத் திருத்தினால் நூறிலும் சிறகு திருந்தும்.

இந்த யோசனை எஸ்விஜிக்கும் ரொம்ப முந்தியது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் என்கிற மாணவர் டாக்டர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்று ஒரு புரோகிராம் எழுதினார். திரையில் லைட் பேனாவால் வரையலாம். அதிலேயே மூலப்படம் ஒன்று, அதன் நகல்கள் பல, மூலத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்கிற ஏற்பாடு இருந்தது. அது வந்த காலத்தில் எங்கள் தாத்தா தறியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பிரச்சினையைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி சந்தோஷம்.

அடுத்தது ஜன்னல். சிம்பலுக்கு வியூபாக்ஸ் என்று நாலு எண் கொடுக்கலாம். என் அன்னத்துக்கு 0 0 60 60 கொடுத்தேன். அதாவது "என் படம் 60க்கு 60 கட்டத்துக்குள் இருக்கிறது, மூலை 0, 0". யூஸ் பக்கத்தில் அகலம், உயரம் கொடுக்கிறோம். அது வியூபோர்ட், திரையில் திறக்கிற ஜன்னலின் அளவு. (அகலம் உயரம் கொடுக்க மறந்தால் 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். முதல் நாள் திரை முழுக்க ஒரே அன்னம் வந்து நின்றது. டைனோசர் மாதிரி.) வியூபாக்ஸ், ஜன்னலுக்குள் பொருந்துகிற மாதிரி பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது? வெட்டப்படும். சும்மா வெட்டப்படும், எரர் எதுவும் வராது. சிம்பலுக்கு ஓவர்ஃப்ளோ என்பது நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஹிடன். படங்களை வெறும் குரூப்பாகச் சேர்த்து அதை யூஸ் செய்தால் இந்த வெட்டு கிடையாது, ஏனென்றால் குரூப்புக்கு ஜன்னலே இல்லை. சிம்பலுக்கு ஜன்னல் உண்டு. எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

முதல் அடி ருத்ராட்சத்தில் விழுந்தது. கரைக்கு ஒரு ருத்ராட்ச வரிசை. நடு 30, ஆரம் 30, சரியாக 60 கட்டத்தைத் தொடுகிற வட்டம், 4 கட்டம் தடிமனில் கோடு. அழகாக வரும் என்று பார்த்தால் நாலு பக்கமும் தேய்ந்து வந்தது. பெரியப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ருத்ராட்சமாடா இது? நட்டு மாதிரி இருக்கு" என்றார். கோட்டின் தடிமன் பாதையின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போகும். உள்ளே 2, வெளியே 2. வெளியே போன 2 கட்டத்தை ஜன்னல் வெட்டிவிட்டது. ஆரத்தை 28 ஆக்கினேன், சரியாயிற்று. இந்த இடத்திலேயே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கோடு போட்டால் உள்ளே தள்ளிப் போடு" என்று மட்டும் கற்றுக்கொண்டு அன்னத்துக்குப் போய்விட்டேன்.

பெரியப்பா கொடுத்த கிராஃப் தாளை போனில் படம் எடுத்து, அதன் மேல் வைத்துத்தான் வரைந்தேன். அன்னம் இடது பக்கம் பார்க்கிறது. தலை முதல் கட்டத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் மூக்கு இல்லை. முகம் அப்படியே மொட்டையாக முடிகிறது. தாளின் வலது ஓரத்தில், வாலுக்கு மேலே, தனியாக ஒரு சின்ன முக்கோணம் மிதக்கிறது.

பாவம் பெரியப்பா, கண் தெரியாமல் மூக்கை வால் பக்கத்தில் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவரிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று, கேட்காமலே திருத்தினேன். முக்கோணத்தை எடுத்து முகத்தில் ஒட்டினேன். முகம் 0இல் முடிவதால் மூக்கு மைனஸ் 6 வரை போயிற்று. போகட்டும், அடுத்த அன்னத்தின் வாலைத் தொடத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓர் அன்னத்தை மட்டும் தனியாகப் போட்டு பெரியப்பாவுக்குக் காட்டினேன். மூக்கோடு அழகாக இருந்தது. அவரும் தலையாட்டினார். அப்புறம் நாலு அன்னத்தை வரிசையாகப் போட்டு 240 புள்ளி அகலத்துக்குப் படமாக எடுத்தேன். ஓரம் மங்கலாக வரக்கூடாது என்று கிரிஸ்ப் எட்ஜஸ் போட்டேன், ஏனென்றால் ஹூக்குக்குப் பாதி எழும்பத் தெரியாது. அந்த அன்ன வரிசை முந்தியில் 3 இடத்தில் வருகிறது. ஒரு வரிசைக்கு 60 அட்டை, மொத்தம் 180. மற்ற டிசைனோடு சேர்த்துக் கடையில் கொடுத்தோம். கொடுத்த படத்தை அப்படியே குத்திக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று ஊடை தனித்தனியாகப் போகும், இரண்டும் சேருகிற இடத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்து நாடாவைப் போட இன்னொருவர். எங்கள் வீட்டில் அது பெரியம்மா. முதல் அன்ன வரிசை முடிந்தபோது அவர்தான் முதலில் பார்த்தார். அன்று சாயந்திரம் நான் உள்ளே நுழையும்போது தறி நின்றிருந்தது. வழக்கமாக நான் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போகிற பெரியம்மா எழுந்திருக்கவில்லை.

"ஏன்டா, அன்னத்துக்கு மூக்கு எங்கே?"

குனிந்து பார்த்தேன். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரை எல்லா அன்னமும் மொட்டை முகத்தோடு நின்றன. ஜரிகையில் அவ்வளவு அழகாக, அவ்வளவு தெளிவாக, ஒன்றுக்குக்கூட மூக்கில்லை.

பெரியப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கத்தரிக்கோலை எடுத்து, அந்த வரிசையின் ஊடையை ஒவ்வோர் இழையாக வெட்டிப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார். நல்ல ஜரிகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டேன். யாரும் பேசவில்லை. அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று இரண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை என்றால் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும், அது நார்மல், அதைச் சரக்கின் விலையிலேயே ஏற்றிவிடலாம். ஆளின் கவனக்குறைவால் வருவது அப்நார்மல், அதைத் தனியாக எடுத்து லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 180 அட்டை, ஒரு வரிசை ஜரிகை, இரண்டு பேரின் ஒரு நாள் கூலி, பிரித்த நேரத்துக்கு இன்னொரு பாதி நாள். எல்லாம் என் கணக்கில். கல்லூரி டூருக்கு என்று வைத்திருந்த பணம் அதில் பாதிக்கு வந்தது. டூர் போகவில்லை. போட்டோ போட்ட நண்பர்களுக்கு நன்றி, நன்றாக வெறுப்பேற்றினீர்கள் :-)

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மூக்கு வெட்டுப்பட்டது ஏன் என்பது அரை மணியில் புரிந்தது. மைனஸ் 6இல் இருப்பது 0இல் ஆரம்பிக்கிற ஜன்னலுக்கு வெளியே, அவ்வளவுதான். புரியாதது வேறு. பெரியப்பாவுக்குக் காட்டியபோது மட்டும் மூக்கு எப்படி இருந்தது? அதே ஃபைல். அதே சிம்பல். ஒரு எழுத்து மாற்றவில்லை.

விடை இதுதான், இதற்காகவே இந்தப் பதிவை எழுதலாம். வெட்டுவது வியூபாக்ஸ் இல்லை, வியூபோர்ட். காட்டுவதற்காகப் போட்டபோது யூஸில் அகலம் 90, உயரம் 60 என்று கொடுத்திருந்தேன், சும்மா கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று. 60க்கு 60 படத்தை 90க்கு 60 ஜன்னலில் வைத்தால் எஸ்விஜி அதை இழுத்து நீட்டாது. வடிவம் கெடாமல் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் 15, 15 காலியாக விடும். அந்தக் காலி இடமும் ஜன்னலுக்கு உள்ளேதான். மூக்கு அந்த 15இல் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டது. வரிசையாகப் போடும்போது 60க்கு 60 கொடுத்தேன். காலி இடம் போயிற்று, மூக்கும் போயிற்று. ஒரே படம், ஜன்னலின் வடிவத்தைப் பொறுத்து மூக்கோடும் வரும், மூக்கில்லாமலும் வரும். தனியாகப் பார்த்துச் சரி என்று முடிவு செய்ததுதான் தப்பு. அதை உபயோகிக்கப் போகிற அளவில் உபயோகித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வெட்டுகிற கணக்கைப் பற்றித் தேடினால் அங்கேயும் அதே சதர்லேண்ட் நிற்கிறார். 1967இல் விமானப் பயிற்சிக்கான திரைப்படங்களைக் கணக்கிடும் வேலையில் டேனி கோஹனும் இவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜன்னலின் நாலு ஓரத்தையும் நீட்டினால் தளம் 9 கட்டமாகப் பிரியும். கோட்டின் இரண்டு முனையும் எந்தக் கட்டத்தில் என்று 4 பிட்டில் குறித்துக்கொண்டால், முழுக்க உள்ளே, முழுக்க ஒரே பக்கத்தில் வெளியே என்பதெல்லாம் கணக்குப் போடாமலே தெரிந்துவிடும். மிச்சத்தை மட்டும் ஓரத்தில் வெட்டினால் போதும். ஒன்றை வரைந்து பலவாக்குகிற வழியையும் காட்டி, வெளியே நீட்டுவதை வெட்டுகிற வழியையும் அதே மனிதர் சொல்லியிருக்கிறார். 1988இல் டூரிங் விருது கொடுத்தார்கள். என் அன்னத்தின் மூக்குக்கும் அவருக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

சரி, வைத்தியம்? நெட்டில் எல்லோரும் சொல்வது, சிம்பலுக்கு ஓவர்ஃப்ளோ விசிபிள் என்று போடு. போட்டேன். மூக்குகள் வந்தன, ஒவ்வொன்றும் முன்னால் இருக்கிற வாலைத் தொட்டது. துள்ளிக் குதித்தேன். நல்ல வேளை, இந்த முறை படத்தை உடனே கடைக்கு அனுப்பாமல், அதே 240ஐ இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தறி செய்வது போல. மூன்று அன்னத்துக்கு மூக்கு இருந்தது. நாலாவதுக்கு, அதாவது ஒவ்வொரு 240இன் முதல் அன்னத்துக்கு, இல்லை. சிம்பலின் ஜன்னலைத் திறந்துவிட்டேன், ஆனால் முழுப் படத்துக்கும் ஒரு ஜன்னல் இருக்கிறதே, அதற்கு வெளியே போன மூக்கை அது வெட்டுகிறது. சரி, அதையும் திறக்கலாம் என்றால், அதற்கு வெளியே ஹூக்கே கிடையாது. 0ஆவது ஹூக் என்று ஒன்று இல்லை. மைனஸ் 6ஆவது ஹூக் என்று ஒன்று நிச்சயமாக இல்லை.

மறுநாள் போய்ப் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வியூபோர்ட், வியூபாக்ஸ் என்றெல்லாம் சொல்லவில்லை. "அன்னம் ஒரு கட்டத்துக்குள்ள இருக்கு, மூக்கு மட்டும் வெளிய போகுது, வெளிய போனா வெட்டிடுது பெரியப்பா" என்றேன்.

"ஆமா, வெளிய போனா எப்படி நெய்யறது?" என்றார், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி. "அதுக்குத்தானே அந்தப் பக்கம் போட்டுக் கொடுத்தேன். நீ பார்க்கலையா?"

கிராஃப் தாளை மறுபடி எடுத்தேன். வலது ஓரத்தில் வாலுக்கு மேலே மிதந்த முக்கோணம். அது இந்த அன்னத்தின் மூக்கு இல்லை. பின்னால் வருகிற அன்னத்தின் மூக்கு. இந்த அன்னத்தின் மூக்கு முன்னால் போகிற அன்னத்தின் கட்டத்தில், அதே இடத்தில் இருக்கும். இடது பக்கம் 6 கட்டம் வெளியே போவது, வலது பக்கம் 6 கட்டம் உள்ளே வருகிறது. தனித்தாளாகப் பார்த்தால் மொட்டை முகமும் அனாதை மூக்கும். வரிசையில் வைத்தால் எல்லாம் கூடிவிடும். புரை விழுந்த கண்ணோடு அவர் சரியாகப் போட்டிருந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான் அதைத் திருத்தியிருந்தேன்.

"நீங்க கண்ணு தெரியாம போட்டுட்டீங்கன்னு நினைச்சேன் பெரியப்பா" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டிருக்கலாம் இல்ல" என்றார். அவ்வளவுதான். அந்த 180 அட்டையைவிட இதுதான் வலித்தது.

ராத்திரி ஃபைலைத் திருத்தினேன். எழுதியதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மூக்கோடு இருக்கிற முழு அன்னத்தை ஒரு குரூப்பாக வைத்தேன். சிம்பலுக்குள் அந்தக் குரூப்பை இரண்டு தடவை யூஸ் செய்தேன், ஒன்று அதன் இடத்தில், இன்னொன்று 60 தள்ளி. ஓவர்ஃப்ளோவை மறுபடி ஹிடனாகவே விட்டேன். முதல் அன்னத்தின் மூக்கு இடது பக்கம் வெட்டுப்படும். இரண்டாவது அன்னம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே நிற்கும், அதன் மூக்கு மட்டும் வலது ஓரத்தில் உள்ளே நீட்டும். மிச்சத்தை ஜன்னலே வெட்டிவிடும். பெரியப்பாவின் கிராஃப் தாளில் இருப்பது அப்படியே வந்தது. நேற்று வரை எதிரியாக இருந்த வெட்டு இன்றைக்கு வேலைக்காரன். நாலு அன்னம், எட்டு அன்னம், எத்தனை வைத்தாலும் இணைப்புத் தெரியவில்லை.

ஃபைலில் ஓர் இடத்தில் திருத்தியது எல்லா இடத்திலும் திருந்திவிட்டது. அட்டைக்கு அந்த வசதி இல்லை. 180ஐயும் புதிதாகக் குத்தினார்கள். இந்த முறை படத்தை முழு அகலத்துக்குப் பிரிண்ட் எடுத்து, பழைய முந்தித் துண்டின் பக்கத்தில் தரையில் விரித்து, பெரியப்பா, பெரியம்மா, அக்கா மூன்று பேரும் விரலை வைத்து ஒவ்வொரு மூக்காக எண்ணிய பிறகுதான் கடைக்குப் போனது.

புடவை முடிந்துவிட்டது. கல்யாணம் தையில். மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் வந்து, அப்படியே எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார். அந்தக் கூட்டத்தில் பத்திரிகை கொடுத்துவிடலாம் என்று வீட்டில் திட்டம். வீணான அட்டைகளைப் பெரியப்பா தூக்கிப் போடவில்லை. கயிற்றோடு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், எனக்குத் தெரிகிற இடத்தில்.

நேற்று இன்னொரு கிராஃப் தாள் கொடுத்தார். வேறொருவருடைய புடவைக்கு யாளி. வால் ஓரம் வரை போய்ப் பாதியில் நிற்கிறது. வலது பக்கம் பார்த்தேன், மிச்ச வால் அங்கே இல்லை. இந்தத் தறியில் கயிறு கட்டியிருப்பது வேறு மாதிரி. முதல் ஹூக்கிலிருந்து கடைசி ஹூக் வரை போய், அங்கிருந்து திரும்பி வருமாம், கண்ணாடி மாதிரி. ஆக ஓரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது பின்னால் வருகிற யாளி இல்லை, இதே யாளி திரும்பி நிற்கிறது. அப்படியானால் அந்த வால் எங்கே போய்ச் சேரும்? யோசித்துப் பார்த்தேன், புரிகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. வியாழக்கிழமை கார்ப்பரேட் அக்கவுண்டிங் பரீட்சை. அது முடிந்ததும் நேராகப் பிள்ளையார்பாளையம் போய், இந்த முறை கேட்டுவிட்டுத்தான் வரைய வேண்டும்.